துரைக்கு யார் சோறு போட்டது?

என் கல்யாண விருந்துக்கு வரமாட்டேன் என்று என் அம்மா சொன்னதற்கு மாப்பிள்ளை காரணமில்லை. மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என்னைவிட அதிகமாகப் பிடித்திருந்தது என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. காரணம், செத்து நூறு வருஷத்துக்கு மேலான ஒரு வெள்ளைக்காரர்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்த கதை இது. எங்கள் ஊர் ஆரம்பாக்கத்திலிருந்து வயல்களுக்கு நடுவே உள்ளே போகவேண்டிய ஊர். நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். எனக்கு நிச்சயித்திருந்தவர் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் நடக்கப்போகும் முதல் விசேஷம் என் கல்யாண விருந்துதான் என்று சபையே சேர்ந்து முடிவு செய்திருந்தது. நான் தரையில் கால் பாவாமல் திரிந்த காலம் அது.

அந்த மண்டபம் அரிசியால் கட்டியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை இருக்கும். சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தப் பானையில் போட்டுவிடவேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கியத்துக்காரர்கள் சாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். சேர்ந்த அரிசியை விற்று வந்ததில்தான் செங்கல்லும் சிமெண்டும் வாங்கினார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை வேறு ஊர்ச் சபைகளிலும் உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் அரிசியைப் பானையில் விடும்போது வாய்க்குள் ஒன்றைச் சொல்வார்கள். "உபதேசியாருக்கு இல்ல, வர்றவங்களுக்கு." ஆயர் இல்லாத ஊர்களில் ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக்கொடுப்பவரை அந்தக் காலத்தில் உபதேசியார் என்பார்கள். எங்கள் சபையில் அந்த வேலையே ஒழிந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இல்லாத மனிதருக்கு இல்லை என்று ஏன் தினமும் சொல்லவேண்டும் என்று யாரும் யோசித்ததில்லை. கொட்டாவி வந்தால் சொடுக்குப் போடுகிறோமே, அந்த மாதிரி ஒரு பழக்கம்.

அரிசிச் சாக்கோடு தெருத்தெருவாகப் போனவள் என் அம்மா. நான் பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து அவளைச் சனிக்கிழமைகளில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். சாக்கு இடுப்பில், வசவு வாயில். பானை காலியாக இருக்கும் வீட்டில் அவள் நிற்கும் நிற்பைப் பார்த்தால் அவர்கள் சமைத்த சோற்றையே அள்ளிப் போட்டுவிடுவார்கள். மண்டபத்தின் ஒவ்வொரு செங்கல்லும் எந்த வீட்டு அரிசியில் வந்தது என்று தனக்குத் தெரியும் என்பாள். பொய்தான், ஆனாலும் எதிரே நின்று மறுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

மண்டபத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் வீடு இரண்டானது. சபைக் கமிட்டிக்கு அப்போது செயலாளர் என் அப்பா. நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கவேண்டும் அவருக்கு. பஸ் கண்ணெதிரே வந்து நின்றாலும் டிரிப் ஷீட்டில் ஏறாதவரை அது வரவில்லை. எங்கள் சபையை ஆரம்பித்தவர் யார் என்று கம்ப்யூட்டரில் தேடி, கும்மிடிப்பூண்டி பிரவுசிங் சென்டரிலிருந்து ஐந்து வெப்சைட்டின் பிரிண்ட் அவுட்டுகளைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். ஐந்திலும் ஒரே செய்தி. மட்டக்குதிரையில் வந்த ஒரு மிஷனரி துரை எங்கள் பகுதியில் அஸ்திவாரம் தோண்டிக் கூரை போட்டுச் சபையை நிறுவினார்.

"கோர்ட்டுக்கே ரெண்டு சாட்சி போதும். நம்மகிட்ட அஞ்சு கீது. மண்டபத்துக்குத் தொரை பேருதான்."

"சபைய ஆரமிச்சது அரிசி வித்துக்கினு இருந்த ஒரு விதவப் பொம்பள. எங்க பெரியம்மா சொல்லிக்கிறாங்க, அவங்களுக்கு அவங்க பெரியம்மா சொல்லிக்கிறாங்க."

"எழுத்துல இருக்குதா?"

"அவ எழுதப் படிக்கத் தெரியாதவ. சோறு போடத் தெரிஞ்சவ."

"அப்ப இல்லன்னு அர்த்தம்."

அம்மா எழுந்து நின்றாள். "பொம்பளைங்க பிடி அரிசில கட்டுன மண்டபத்துக்கு எவனோ ஒருத்தன் பேரா? அந்தப் பேர வெச்சா நான் உள்ள காலு வெக்கமாட்டேன்."

"உம் பொண்ணு கல்யாண விருந்து அங்கதான்."

"நீங்களே போயி துன்னுட்டு வாங்க. எனக்கு ஊட்ல ரசம் போதும்."

சொன்னால் சொன்னதுதான். சொந்தத் தம்பியின் கல்யாணத்தில் உட்காரப் பாய் விரிக்கவில்லை என்ற தகராறில் வெளியே மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள் அவள். நான் பயந்துபோனேன். அம்மா இல்லாமல் எனக்கு அந்த மேடை எதற்கு? அதே சமயம் உள்ளுக்குள் எனக்கு ஒரு குதூகலமும் பிறந்துவிட்டது. அப்போது இண்டர்நெட் என்றால் எனக்குப் பைத்தியம். தேடுவதற்கு ஒரு பெரிய காரணம் தானாக வந்து மடியில் விழுந்தால் விடுவேனா?

ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். ஸ்டேஷன் ரோட்டில் மாடியில் இருந்தது. பிளைவுட் தடுப்புகள், திரைச்சீலை, தூசி தின்னும் விசிறி. நடத்தியவர் பழவேற்காட்டுக்காரர், இறால் வியாபாரக் குடும்பம். இறால் வாசனை ஒத்துக்கொள்ளாமல் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டதாகச் சொல்வார். நாங்கள் எல்லோரும் பாய் என்போம். நைனாவுக்கு அந்த ஐந்தையும் தேடி எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். அதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னாம்மா, அஞ்சு எட்த்து குட்த்தேனே, பத்தலியா?"

"அதெல்லாம் நெசமான்னு பாக்கணும் பாய்."

"கம்ப்யூட்டர்லயே வந்துகீது, அப்புறம் இன்னா நெசமான்னு?"

தேட ஆரம்பித்ததும்தான் அந்த உலகம் எவ்வளவு பெரிய சந்தை என்று தெரிந்தது. ஒரு தளத்தைத் திறந்தால் புறா பறக்கும். இன்னொன்றில் கேட்காமலே ஆர்கன் வாசிக்கும், நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தெரியாமல் பக்கத்துக் கேபினிலிருந்து திட்டு வரும். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தில் ஒருவர் உலகம் முடியப்போகும் நாளைக் கணக்குப் போட்டிருந்தார். நாள் ஏற்கனவே கடந்துவிட்டிருந்தது, பக்கத்தை மட்டும் அவர் எடுக்கவில்லை. ஆதித் திருச்சபைப் பிதாக்களின் பிரசங்கங்கள், சங்கங்களின் தீர்மானங்கள், யாரோ யாரையோ சபையைவிட்டுத் தள்ளிவைத்த கடிதங்கள் என்று கொட்டிக் கிடந்தன. எனக்கு வேண்டியது ஒரே ஒரு துரையின் கதைதான். ஆனால் மிட்டாய்க் கடைக்குள் விட்ட பிள்ளையால் ஒன்றோடு நிறுத்த முடியுமா? பாய் என் பின்னால் நின்று நான் படிப்பதைக் கேட்டு ரசிப்பார். "உங்க ஆளுங்க அப்பலேர்ந்தே செம பேஜாரு புடிச்சவங்கம்மா, எங்க ஆளுங்க மாறியே" என்பார்.

எதை நம்புவது என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், ஆலையின் வழி. வெளியிலிருந்து வரும் இரும்பின் மேல் ஒரு எண் அடித்திருக்கும். அதை ஹீட் நம்பர் என்போம். எந்த உலையில் எந்தத் தடவை உருக்கி ஊற்றியது என்று அந்த எண் சொல்லும். எண் இல்லாத இரும்பு தங்கமாக மின்னினாலும் உள்ளே விடமாட்டோம். சரியானதற்குப் பச்சை ஸ்டிக்கர், தள்ளுபடிக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். நானும் பழைய ஸ்டிக்கர் தாள்கள் சிலவற்றை மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, பிரிண்ட் அவுட்டுகளில் ஒட்ட ஆரம்பித்தேன். எழுதியவர் யார், கண்ணால் கண்டவரா, கேட்டு எழுதியவரா? எப்போது எழுதினார்? எதற்காக எழுதினார், யாரிடம் காணிக்கை கேட்பதற்காக? எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று கீழே சொல்லியிருக்கிறதா? பதில் இல்லாததற்கெல்லாம் சிவப்பு. எங்கள் வீட்டு மேஜை அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

நைனாவின் ஐந்து தாள்கள் அவ்வளவு மோசமில்லை. கீழே ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தின் பெயர் போட்டிருந்தது. துரையே எழுதிய புத்தகம். மஞ்சள் ஒட்டினேன். பிறகு நியாயமாக இருக்கவேண்டும் என்ற வேகத்தில் அம்மாவின் கதையையும் ஒரு தாளில் எழுதி, யார் சொன்னது, எப்போது என்று யோசித்து, அதற்கும் மஞ்சள் ஒட்டி மேஜையில் வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள்.

"இது இன்னா கலரு?"

"சந்தேகம்னு அர்த்தம்மா. இன்னும் பாக்கணும்."

"உங்க நைனா கொண்டாந்த காயிதத்துக்கும் அதே கலரு, எம் பேச்சுக்கும் அதே கலரா?"

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் அரிசி அளக்க ஆரம்பித்தாள். அதன்பிறகு என்னோடு பேச்சில்லை. தேவைப்பட்டால் சுவரைப் பார்த்து, "நாஷ்டா ஆயிட்ச்சி, துன்றவங்க துன்னலாம்" என்பாள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மஞ்சளை நான் உரித்து எடுக்கவில்லை. அம்மா என்பதற்காகப் பச்சை ஒட்டினால், நாளைக்குக் கமிட்டியில் நைனா ஒரே கேள்வியில் அதை ஊதித் தள்ளிவிடுவார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்டு வீட்டுக்கு வந்து, ஐந்து தாள்களையும் நைனாவுக்கு எதிரே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் தாளில், "நடுப்பகலில் கடும் பசியோடு அவ்வூருக்குள் நுழைந்தேன். மழைக்கு முன்பாகக் கூரை வேய்ந்து முடித்தோம்" என்று இருந்தது. இரண்டாவதில் ஆங்கிலத்தில் அதே. மூன்றாவதில் படர்க்கையில், துரை பசியோடு நுழைந்தார், கூரை வேய்ந்தார்.

சமையலறையிலிருந்து சுவரைப் பார்த்து ஒரு குரல் வந்தது. "பசியோட வந்தவனுக்கு ஒரு வாய் சோறு போடாம கூரை மேல ஏத்தி வுட்டாங்களா? நம்ம ஊர்லயா?"

நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசியோடு இருந்தவள் நான், துரையின் வயிறு எனக்குப் புரிந்தது. நாலாவது தாளை எடுத்தேன். பசி, கூரை. ஐந்தாவது. பசி, கூரை. ஐந்து தளத்திலும் அந்த மனிதர் பசியோடு நுழைகிறார், அடுத்த வரியில் கூரை மேல் நிற்கிறார். நடுவில் அஸ்திவாரம்கூட இல்லை. அதைத் தலைப்பில் மட்டும் அவரவர் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் தாள் கிழிந்த புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார். மற்ற நாலு பேரும் அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

"நைனா, அஞ்சும் ஒரே ஹீட்!" என்று கத்தினேன். "ஒரே உலைல ஊத்துன கம்பிய அஞ்சு துண்டா வெட்டி அஞ்சு டெஸ்டுன்னு காட்டக்கூடாது. இது அஞ்சு சாட்சி இல்ல, ஒரே ஆளு அஞ்சு சட்ட மாத்திக்கினு வந்துகிறான்!"

நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டைம்கீப்பருக்கு இது புரியும். ஒரே பஸ் போர்டை மாற்றிக்கொண்டு இரண்டு டிரிப் காட்டுவதை அவர் வேலைக்காலம் முழுக்கப் பிடித்தவர்.

"செரி. நடுவுல ஒரு தாளு கிழிஞ்சிட்ச்சி. அந்தத் தாள்ல உங்கம்மா சொல்றதுதான் இருந்துச்சின்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாதுதான்.

"ஞாயித்துக்கெழம கமிட்டி. அதுக்குள்ள கொண்டாந்தா படிக்கிறேன். வாசல்ல பேர் வெட்டி வெக்கிற கல்லுக்கு ஆர்டர் குட்த்தாச்சி, திருவள்ளூர்ல வெட்ட ஆரமிச்சிருப்பான்."

அந்த வாரம் நான் நடந்த நினைவே இல்லை, ஓடிய நினைவுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் அப்போதுதான் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வலையில் ஏற்ற ஆரம்பித்திருந்தன. துரையின் புத்தகம் முதலில் கிடைத்தபோது பாய்க்கு டீ வாங்கிக் கொடுத்தேன். திறந்து பார்த்தால் அது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிய பதிப்பு. அதில் துரை சாப்பிடுவதும் இல்லை, பசிப்பதும் இல்லை, நேராகப் பிரசங்கம்தான். அடுத்து இரண்டாம் பதிப்பு கிடைத்தது. துரை இறந்தபிறகு வேறொருவர் திருத்தியது, அந்த அத்தியாயமே இல்லை. காக்களூருக்குத் தினமும் மெயில் அனுப்புவேன். கல்யாணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்கு நான் எழுதியதெல்லாம் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு. அவர் பொறுமையாக, "சாப்பிட்டீங்களா? துரை சாப்பிட்டாரா?" என்று பதில் போடுவார். இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ளவேண்டும் என்று அப்போது நன்றாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் முதல் பதிப்பு கிடைத்தது. துரை உயிரோடு இருக்கும்போது அச்சானது. நான் தேடிய பக்கத்தின் எண்ணைத் தட்டி அழுத்தியதும் கரண்ட் போனது. பாய் படியில் இறங்கி ஜெனரேட்டரை இழுத்த இழுப்பில் பக்கத்துச் சலூன்காரர் ஓடிவந்தார். மறுபடி எல்லாம் எழுந்து, பக்கம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து வேகம் அப்படி. ஒரு வரி வரும், நிற்கும். தேர்வு முடிவு பார்க்க வந்தவர்கள், வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வந்தவர்கள் எல்லோரும் என் திரைச்சீலைக்குள் தலையை நீட்டினார்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பாய் அதைக் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே ஒலிபரப்பினார்.

"பசியோட ஊருக்குள்ள போறாரு."

"தொரை போறாராம்பா, செம பசி!"

"ஒரு ஊட்ல பாட்டுச் சத்தம் கேக்குது. அங்க ஜனங்க ஏற்கனவே கூடி ஜெபம் பண்ணிக்கினு இருக்காங்க."

"இவரு வர்றதுக்கு முன்னாலயேவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்த ஊடு அரிசி விக்கிற ஒரு விதவையோடது."

அடுத்த பட்டை இறங்கியது. துரை எழுதியிருந்ததை என்னால் முடிந்த தமிழில் சொல்கிறேன். கதவு ஓரத்தில் ஒரு பானை இருந்தது. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி அரிசி அதில் போட்டார்கள். நான் உபதேசிக்க வந்தவன், எனக்கு உணவு வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். அந்தப் பெண் மறுத்துவிட்டாள். இது உபதேசிப்பவருக்கு இல்லை, வருகிறவர்களுக்கு. வந்தவராக உட்காருங்கள், போடுகிறேன் என்றாள். நான் வரிசையில் உட்கார்ந்தேன். இந்த ஊரில் நான் எதையும் தொடங்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நான் போட்ட கூச்சலில், என் தலைமுடி விசிறியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பாய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். பக்கம் போயே போய்விட்டது. மறுபடி ஜெனரேட்டர், மறுபடி பட்டை பட்டையாக இறக்கம். இரண்டாம் தடவை அந்த வரி வந்தபோது கூட்டமே கைதட்டியது. பிரிண்டர் அந்தப் பக்கத்தையும் முன்பின் பக்கங்களையும் சூடாகத் துப்பியது. பாய் காசு வாங்க மறுத்தார். "டப்பு வாணாம் போம்மா. பசிக்குச் சோறு போட்ட கத இது" என்றார்.

ரயிலில் வரும்போது பச்சை ஸ்டிக்கரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், ஒட்டவில்லை. சந்தோஷத்தில் கண் மங்கித்தான் இருக்கும், அப்போதுதான் சரக்கைக் கவனமாகப் பார்க்கவேண்டும். துரை தன் தேசத்தில் காணிக்கை திரட்டுவதற்காகவே எழுதியவர். நான்தான் நிறுவினேன் என்று சொல்லியிருந்தால் அவருக்கு லாபம். தொடங்கவில்லை என்று தன்னையே குறைத்து எழுதியிருக்கிறார் என்றால் நம்பலாம். ஆனால் அது எங்கள் ஊர்தானா? ஊர்ப் பெயரை அவர் எழுதியிருந்த விதத்தில் அது எங்கள் ஊராகவும் இருக்கலாம், எந்த ஊராகவும் இருக்கலாம். ஆனால் பானையில் பிடியை விடும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் சொல்லும் அதே வார்த்தை அதில் இருந்தது. அந்த ஆங்கிலப் புத்தகம் எங்கள் பக்கம் ஒரு வீட்டிலும் இருந்ததில்லை. எழுத்தே தெரியாத பெண்கள் வழியாகத்தான் அந்த வார்த்தை அடுப்படி அடுப்படியாக வந்திருக்கிறது. அவர்கள் புத்தகத்தைப் பார்த்ததில்லை, புத்தகம் அவர்கள் அடுப்பைப் பார்த்தது ஒரே ஒரு மத்தியானம்தான். இரண்டு வேறு உலைகள், ஒரே இரும்பு. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்குமுன் ஸ்டிக்கரை ஒட்டினேன். எதிரே இருந்த கூடைக்காரம்மா, "இன்னா பாப்பா, பாஸாயிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிளாட்பாரத்திலேயே நின்று காக்களூருக்குப் போன் போட்டேன். "கல்லை நிறுத்துங்க!" என்று மட்டும்தான் சொன்னேன், பாலன்ஸ் தீர்ந்துவிட்டது. அந்தப் புண்ணியவான் என் மெயில்களை வைத்தே எந்தக் கல் என்று புரிந்துகொண்டு, எதற்கு என்று கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு திருவள்ளூருக்குப் போனார். உளி முதல் வரியை மட்டும் வெட்டியிருந்தது. 'தேவனுக்கே மகிமை.' அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

வீட்டில் அம்மா இரவுச் சோற்றுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். நைனா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரையும் நிற்கவைத்துப் படித்தேன். வருகிறவர்களுக்கு என்ற இடம் வந்தபோது அம்மாவின் கை பானைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. விரலிடுக்கிலிருந்து இரண்டு மூன்று அரிசி உதிர்ந்தது.

"அதயே சொன்னாளா?"

"அதயேதாம்மா."

"அவ பேரு இன்னா?"

பக்கம் முழுக்க மறுபடி பார்த்தேன். முன்னும் பின்னும் எடுத்து வந்திருந்த பக்கங்களையும் பார்த்தேன். "எழுதலம்மா. அவரோட மட்டக்குதிர பேர மட்டும் எழுதிக்கிறாரு."

அம்மா என்னையே பார்த்தாள். இத்தனை நாளாகச் சுவருக்குக் கிடைத்த பார்வை எனக்குத் திரும்பியது. "துன்ன சோத்த எழுதினான், போட்டவ பேரக் கேக்கல" என்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பானையில் பிடியை விட்டுவிட்டு இன்னொரு பிடி எடுத்தாள். அதையும் விட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சோறு குறைந்தது.

மறுநாள் கமிட்டியில் அந்தப் பக்கத்தைப் படித்தது நானில்லை, நைனா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, டிப்போ மைக்கில் பஸ் விடும் குரலில், துரையாகவும் விதவையாகவும் மாறி மாறிப் படித்தார். தன்னுடைய ஐந்து தாள்களையும் எடுத்துக் காட்டி, "இதெல்லாம் ஒரே ஹீட்டு" என்று எனக்கு முன்னால் எனக்கே விளக்கினார். ஆயர் எழுந்து கைதட்டினார். யாரோ ஒருவர் மட்டும் எல்லோருக்கும் இருந்த கேள்வியைக் கேட்டார். "பேரே தெரியாத பொம்பள பேர எப்பிடி மண்டபத்துக்கு வெக்கிறது?"

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த பெண்கள் ஐக்கியத்திலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது. "அவ பேர வெக்கச் சொல்லல. அவ சொன்னத வெய்ங்க."

கல்யாணத்தன்று தேவாலயத்தில் தாலி ஏறி, வாத்தியம் முன்னால் போக நாங்கள் இருவரும் மாலையோடு மண்டபத்துக்கு வந்தோம். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும்தான் முதலில் உள்ளே போகவேண்டும் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். பட்டுப் புடவையில் என் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்து கையை நீட்டினாள்.

"அந்தப் பச்ச ஸ்டிக்கரு வெச்சிக்கினு கீறியா?"

கல்யாணப் பெண்ணின் கைப்பையில் ஸ்டிக்கர் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது. உரித்துக் கொடுத்தேன். அம்மா வாசல் கல்லின் முன்னால் போய் நின்றாள். மேலே தேவனுக்கே மகிமை, கீழே பெரிய எழுத்தில் 'வருகிறவர்களுக்கு.' கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ஸ்டிக்கரை வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, வந்தவளாக முதலில் உள்ளே போய், பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தாள்.

"சோறு போடுங்கப்பா" என்றாள்.